படம் 17: எண்ணெய்க் கறை

மேலநடுக்கரை, ஏரல் வழி
13 ஆகஸ்ட் 2022

தம்பி மணிராஜுக்கு,

அக்கா முத்துராணி எழுதுவது. போனில் பேசினால் நீ கோர்ட்டு பாஷையில் ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. காகிதத்தில் என்றால் சொல்ல வந்ததை முடித்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

நேற்று ஆடிக் கடைசி வெள்ளி. அம்மை விடியும் முன்னே குளித்து, அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மன் நடை சாத்தி ஏழு மாதம் ஆயிற்று, திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் நடக்கிறவரை கருவறையைத் திறக்க மாட்டார்கள் என்று எத்தனை தடவை சொல்ல? சொன்னால் தலையை ஆட்டுகிறாள், மறுநாள் மறந்துபோகிறாள். சரி என்று கைபிடித்துக் கூட்டிப்போய் முன் மண்டபத்தில் பாலாலயப் பலகை முன்னால் நிறுத்தினேன். அம்மனின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி அந்தப் பலகைப் படத்தில்தானே ஏற்றியிருக்கிறார்கள். பூசை எல்லாம் அதற்குத்தான்.

பட்டர் தீபம் காட்டினார். அம்மைக்குக் கண் மங்கிப்போனது உனக்குத் தெரியும். தீபத்தில் மூக்குத்தி பளிச்சென்று மின்னினால்தான் அவளுக்கு அம்மன். பலகையில் மூக்குத்தி வெறும் மஞ்சள் பெயிண்ட்டு. "ஏட்டி, இது யாரு வீட்டுப் பலகை? நம்ம ஆவுடையம்மாள எங்க?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து வருஷம் மனு எழுதி எழுதி அரசாங்கத்திடம் திருப்பணிக்கு நிதி வாங்கித் தந்தது நீ. ஊரே உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு நீயே வழக்குப் போட்டு வேலையை நிறுத்தினாய். காசிலிங்கம் அண்ணாச்சி நேற்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஒந் தம்பி வாங்கியும் குடுத்தான், பூட்டியும் போட்டான்." திருப்பணிக்குழுத் தலைவர் சொல்கிறார், குழுவில் இருக்கிற நான் என்ன பதில் சொல்ல?

அம்மைக்கு எண்பது ஆயிற்று. கேட்பது ஒன்றே ஒன்று. கண் முழுக்க மங்குவதற்குள் அம்மனை ஒருதரம் பார்க்க வேண்டும். வழக்கை வாபஸ் வாங்கு. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

அக்கா


கோயம்புத்தூர்
22 ஆகஸ்ட் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அம்மை பலகை முன்னால் நின்றதை நினைத்தால் எனக்கும் வலிக்கிறது. எனக்கு வலிக்காது என்று நீ நினைப்பதாக எழுத்தில் தெரிகிறது.

நான் ஏன் வழக்குப் போட்டேன் என்று இன்னொரு முறை சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டை நான் மாசி மாதம் ஊருக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கல்தூண்களை மணல் பீச்சியடித்துச் சுத்தம் செய்வது. தரைக்கு டைல்ஸ். அப்புறம் ஒரு வரி: "முன் மண்டபத் தென்சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசி, எனாமல் வர்ணம் அடித்தல்." பழைய பூச்சு என்று அவர்கள் எழுதியிருப்பது நம் ஓடச்சுவரை. அம்மன் ஓடத்தில் ஆற்றோடு வந்து இறங்குகிற அந்த ஓவியம் குறைந்தது முந்நூறு வருஷத்தது. இந்த ஆற்றங்கரையில் அப்படி ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிது. கட்டடக்கலைக் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாகப் பாடம் நடத்துகிற ஒருவன், தன் ஊர்க் கோயிலில் அதைக் கொத்த விட்டுவிட்டு மறுநாள் வகுப்புக்குள் எப்படிப் போவான்?

அது பொதுமக்களின் பணம். அதைக் கொண்டு ஒரு கோயிலைக் காப்பாற்றலாம், கொல்லவும் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. நடையைச் சாத்தச் சொன்னது நானா? மார்ச் முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும், தைக்குப் பிறகு நல்ல முகூர்த்தம் இல்லை என்று அவசர அவசரமாகப் பாலாலயத்துக்கு நாள் குறித்தீர்கள். மதிப்பீட்டைக் குழுவில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. நாள் குறித்த கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நீயும் ஒருத்தி.

வழக்கு நிதியை நிறுத்தச் சொல்லி அல்ல. அதே நிதியில், ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். தைக்குள் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். அதுவரை அம்மையைச் சமாதானப்படுத்து.

மணிராஜ்


மேலநடுக்கரை
5 ஜனவரி 2023

தம்பிக்கு,

கை தூக்கினேன். ஆமாம். அதை நீ எழுதிக்காட்ட வேண்டுமா? நாலு மாதமாக நான் பதில் போடாததற்குக் காரணம் அதுதான். படித்ததும் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். நிதி போய்விட்டால் இன்னும் பத்து வருஷம் கோயில் ஒழுகும், ஆறு மாதத்தில் நடை திறந்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். எஸ்டிமேட்டைப் படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கோயில் காரியத்தில் யார் காகிதம் படிக்கிறார்கள்?

அதை விடு. அம்மை கார்த்திகையில் பின்வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். அந்த இரண்டு நாளும் அவள் உன்னிடம் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தாயா? உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். நீ பஸ் ஏறின பிறகு என்னிடம் கேட்டாள்: "தம்பி சாவி கொண்டாந்தானாட்டி?" அவள் மனசில் அந்தப் பூட்டின் சாவி உன் சட்டைப் பையில் இருக்கிறது.

இப்போது எழுந்திருக்க முடியவில்லை. சாயரட்சை மணி அடித்தால் மட்டும் தலையைத் தூக்குவாள். "நட தெறந்தாச்சா?" என்பாள். முதலில் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அழுகை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "தெறந்தாச்சும்மா, ஒரே கூட்டமா இருக்கு, கூட்டம் கொறஞ்சதும் போவோம்" என்று சொல்லிவிட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் அதே பொய்தான் சொல்கிறேன். அம்மன் பேரில் பொய் சொல்கிறோமே என்று நாக்கு கூசுகிறது.

டாக்டர் கணக்குச் சொல்லவில்லை, கண்ணால் சொல்லிவிட்டார். அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். நீ வாபஸ் வாங்கினால் ஓடச்சுவரை மட்டும் தொடாமல் மற்ற வேலையை முடித்து, வைகாசிக்குள் நடை திறந்துவிடலாம் என்கிறார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக ஆள்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன்.

சுவர் முந்நூறு வருஷம் நின்றது என்கிறாய். அம்மை இந்த வருஷம் தாண்ட மாட்டாள்.

அக்கா


கோயம்புத்தூர்
14 ஜனவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை பொங்கல். வர முடியவில்லை, பதினெட்டாம் தேதி வழக்கு இருக்கிறது.

அண்ணாச்சி சொல்வதை நான் நம்பவில்லை. சுவரைத் தொட மாட்டோம் என்று வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. நான் வாபஸ் வாங்கிய மறுநாள் உளி விழும். ஒருதரம் விழுந்தால் விழுந்ததுதான், எந்த உத்தரவும் அதைத் திரும்ப ஒட்டாது. அம்மையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. இரண்டையும் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. அம்மை திடமானவள்.

2018-இல் நிதி கேட்டு அறிக்கை தயாரித்தபோது, பட்டரிடம் அனுமதி வாங்கி அம்மனைப் படம் எடுத்திருந்தேன். மூக்குத்தி மின்னுகிறது. பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். கட்டிலுக்கு எதிரே மாட்டு.

மணிராஜ்


மேலநடுக்கரை
2 ஜூன் 2023

மணிராஜ் அவர்களுக்கு,

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து நீங்கள் கிளம்பியபோது ஒரு தோல்பையை மறந்து வைத்துவிட்டீர்கள். பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். ரசீது உள்ளே இருக்கிறது.

வழக்கு உங்கள் பக்கம் தீர்ந்துவிட்டதாக நேற்று அண்ணாச்சி வந்து சொன்னார். அதே அரசு நிதியில், நிபுணர்களை வைத்து, நீங்கள் எழுதிய அறிக்கையின்படியே செய்ய வேண்டுமாம். அம்மை போய்ப் பதினெட்டாம் நாள் தீர்ப்பு.

கொள்ளி வைத்துவிட்டு நீங்கள் ஆற்றில் முங்கி எழுந்து நின்றபோதே சொல்லியிருக்க வேண்டியது. அத்தனை பேர் நடுவில் வாய் வரவில்லை. அம்மை போன அன்றைக்குச் சாயங்காலம் மணி அடித்தது. அம்மை கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, இன்னைக்கு கூட்டம் கொறஞ்சிருக்கும்லா?" என்றாள். நான் "ஆமாம்மா" என்றேன். "அப்பம் பைய என்னயத் தூக்கு" என்றாள். தூக்கினேன். தோளில் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தை மாட்டியிருந்தேன். ஒருநாள் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இனிமேல் கடிதம் வேண்டாம்.

முத்துராணி


கோயம்புத்தூர்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். எட்டு மாதமாகப் போனையும் எடுக்கவில்லை. நீ கிழித்துப் போட்டாலும் சரி.

வேலை தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டைப் பெண் ஒருத்தி, கலையரசி என்று பெயர், ஓவியப் பாதுகாப்பு படித்தவள், நான்கு பேருடன் ஓடச்சுவருக்கு வந்திருப்பாள். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுப் புளிக்க வைத்துப் பூசுவார்கள், அந்த வாடை தெருவரை வரும், ஊர்க்காரர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீராவது கொடு. உனக்கு என்மேல் உள்ள கோபத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

தினமும் ஆறு மணிக்கு எனக்கு மணிச் சத்தம் கேட்கிறது. கோவையில் நான் இருக்கும் தெருவில் கோயிலே கிடையாது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

தப்பு செய்தேனா, சரி செய்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் உன் காலில் விழுவதோ உன்னோடு சண்டை போடுவதோ ஏதாவது ஒன்றைச் செய்வேன்.

மணிராஜ்


கோயம்புத்தூர்
21 மார்ச் 2024

அக்கா,

இன்று வகுப்பில் நம் கோயில் அறிக்கையைத் திரையில் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். படம் 17. ஓடத்துக்குக் கீழே, சுவரின் அடிப்பகுதி. பிள்ளை பெற்றவர்கள் நாற்பத்தொன்றாம் நாள் குழந்தையோடு வந்து, மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து வலது கையைப் பதிக்கிற இடம். படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது இது: "பக்தர்களால் ஏற்பட்ட மஞ்சள், எண்ணெய்க் கறைகள். முழுமையாக அகற்றப்பட வேண்டும்."

முன்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், இந்தக் கையில சுண்டு விரல் பாதிதான் இருக்கு. சரியா அழுத்தலையா?"

எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அம்மையின் சுண்டு விரல். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வாழைத்தார் அறுக்கப்போய் அரிவாளில் போன விரல். எனக்காகப் பதித்த கை அது. ஏழு வயதில் என்னை அங்கே நிறுத்தி, என் கையை அதன்மேல் வைத்து அளந்து காட்டியிருக்கிறாள். எப்படி மறந்தேன்? நூற்றுக்கணக்கான கைகளைக் கேமராவில் பார்த்திருக்கிறேன், எண்ணியிருக்கிறேன், கறை என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கலையரசிக்குப் போன் செய்தேன். "அந்த இடம் செவ்வாக்கிழமையே முடிஞ்சிட்டு சார்" என்றாள். "கேக்காமச் செய்யல சார். ஒங்க அக்காட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம்."

அக்கா, உனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்றா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

மணிராஜ்


மேலநடுக்கரை
3 ஜூலை 2024

தம்பிக்கு,

முந்தாநாள் கும்பாபிஷேகம் முடிந்தது. அண்ணாச்சி உனக்குப் பத்திரிகை அனுப்பினாராம். நீ வரவில்லை. வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேனோ என்னவோ. மூன்று மாதமாக உன் கேள்வியை வைத்துக்கொண்டு திரிகிறேன்.

எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாமல் எப்படிப் போகும்? வீட்டுக்கு வந்த முதல் வாரமே கலையரசி கேட்டுவிட்டாள். தங்கமான பிள்ளை. தினமும் நம் வீட்டில்தான் சாப்பாடு. "ஓடச்சொவர்ல பாதி வெரலோட ஒரு கை இருக்கே, அது ஒங்க அம்மை கைன்னு ஊர்ல சொல்லுதாவ. அறிக்கையில எடுக்கணும்னு இருக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் மேல எழுதிக் கேட்டு நிப்பாட்டிருவேன்க்கா" என்றாள்.

"தம்பி என்ன எழுதியிருக்கானோ அதச் செய்யி" என்று சொன்னேன்.

நான்தான் சொன்னேன், மணி. தெரிந்துதான் சொன்னேன். நீ எழுதினது நடக்கட்டும், ஒருநாள் வந்து வெறும் சுவரைப் பார்த்து உனக்கு உறைக்கட்டும் என்று ஒரு ஆங்காரம். இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்காக அம்மை பதித்த கையும் அதே சுவரில்தான் இருந்தது. அப்போது அவளுக்கு எல்லா விரலும் இருந்தது. முழுக் கைகள் அங்கே நூறு. எனக்கு வைத்தது எது என்று அவளுக்கே தெரியாது. கூடவே இருந்து பீ மூத்திரம் அள்ளியவள் நான். ஊரெல்லாம் அடையாளம் சொல்வது உனக்கு வைத்த கையை. அதுவும் போகட்டும் என்று நினைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அந்த இடத்தில் வேலை தொடங்கினார்கள். அன்று ராத்திரி தூங்கவில்லை. செவ்வாய் விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். அதற்குள் பெருவிரலும் உள்ளங்கையும் போய்விட்டிருந்தன. பஞ்சை மருந்தில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் ஆறு வந்திருந்தது. நீலம் என்று நினைத்திருந்தோமே, இல்லை, பச்சை. உள்ளங்கை இருந்த இடத்தில் ஒரு கெண்டை மீன், கண்ணைத் திறந்துகொண்டு. அழகாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது சரிதான், அதைக் கொத்த விட்டிருக்கக் கூடாது. இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன்.

நான் நின்ற நிலையைப் பார்த்து கலையரசி வேலையை நிறுத்திவிட்டாள். போனது போனதுதான் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். சுத்தம் செய்வதற்கு முன்னால் சுவர் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய, எங்கேயாவது தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டத்தைத் தொடாமல் விடுவது அவர்கள் வேலையில் வழக்கமாம். "எப்படியும் ஒண்ணு விட்டாகணும்க்கா. எங்கன விடட்டும்?" என்று கேட்டாள்.

கையைக் காட்டினேன். அந்தப் பாதிச் சுண்டு விரல் இருக்கிறது. அது மட்டும்தான் இருக்கிறது. சுற்றிலும் மெல்லிசாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். தெரியாதவர்கள் பார்த்தால் துடைக்க விட்டுப்போன அழுக்கு என்பார்கள்.

கும்பாபிஷேகத்தன்று உள்ளே போனேன். கூட்டம் தாங்கவில்லை. இரண்டரை வருஷம் ஆயிற்றே. தீபம் காட்டினார்கள், மூக்குத்தி மின்னியது. நான் கும்பிடவில்லை. "அம்மா, நட தெறந்தாச்சு, நெசமாவே கூட்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் நான் அம்மனிடம் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பாலாலயத்துக்கு நான் கை தூக்கியதை நீ எழுதிக்காட்டினாய். கறை என்று நீ எழுதியதை நான் அழித்துக்காட்டினேன். போதும், இனி எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

உனக்கு எப்போது முடியுமோ அப்போது வா. கூட்டம் குறைந்திருக்கும். தென்சுவரில் ஓடத்துக்குக் கீழே, வலது ஓரம். அம்மை உன்னை இடது கையில் ஏந்திக்கொண்டு குனிந்து பதித்த இடம். தாழத்தான் இருக்கிறது. நீ மண்டிபோட்டால்தான் தெரியும்.

அக்கா